வன்முறையைப் பொதுச் சுகாதாரமாக ஆராயும் கல்வியாளரின் பணி: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த நான், இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் கற்பிக்கிறேன். வன்முறையே என் ஆய்வுப் பொருள். அட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பாடசாலைகளுக்கு உயர்தர வகுப்பு (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) மாணவரைச் சந்திக்கப் போகும்போதெல்லாம், மாணவர்களும் அவர்களுடன் வரும் பெற்றோரும் தோட்டங்களில் பணியாற்றும் குடும்ப நல உத்தியோகத்தர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். நேரம் போதாமல் பாதியில் விட்டுவந்த விடைகளை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன்.

வன்முறை பொலிஸாருக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விடயம் அல்லவா? சுகாதாரத் துறைக்கு அதில் என்ன வேலை?

அடித்தவர் யார், அவர் குற்றவாளியா, அவருக்கு என்ன தண்டனை என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கிறது. அந்த வேலை அவசியமானது. ஆனால் அது அடி விழுந்த பிறகு, ஒரு வழக்கில், ஒருவரைப் பற்றி மட்டும் நடக்கும் வேலை. ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் வயிற்றோட்டம் பரவினால் சுகாதார வைத்திய அதிகாரி நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு நிற்பதில்லை. எந்த லயத்தில் எத்தனை பேர், எந்தப் பீலியில் (குழாய் வழி வரும் ஊற்றில்) தண்ணீர் எடுத்தவர்கள், எந்த நாளிலிருந்து என்று கேட்டு, அந்தப் பீலிக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்க்கிறார். வன்முறையும் யாருக்கு, எங்கே, எந்த நேரத்தில், எந்தச் சூழலில் நேர்கிறது என்று எண்ணி, அதன் ஊற்று இருக்கும் இடம்வரை ஏறிப் பார்ப்பதே எங்கள் வேலை.

1996 இல் உலக சுகாதார சபை வன்முறையை உலகெங்கும் முதன்மையான ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2002 இல் உலக சுகாதார நிறுவனம் வன்முறையும் சுகாதாரமும் பற்றிய தன் முதல் உலக அறிக்கையை வெளியிட்டபோது, வன்முறையை மூன்று வகையாகப் பிரித்தது: ஒருவர் தனக்குத்தானே இழைப்பது, ஒருவர் இன்னொருவருக்கு இழைப்பது, குழுக்களும் அரசுகளும் கூட்டாக இழைப்பது. அந்த அறிக்கையின் வரையறையில் உடல் வலிமையோடு அதிகாரம் என்ற சொல்லும் இருக்கிறது என்பதை என் மாணவர்களுக்கு எப்போதும் சுட்டிக்காட்டுவேன். கை ஓங்காமலே, அதிகாரத்தை வேண்டுமென்றே பயன்படுத்தி ஒருவரின் உடலையோ மனதையோ வளர்ச்சியையோ கெடுத்தால் அதுவும் வன்முறைதான். மூன்றாம் வகைக்கு நாங்கள் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டபோது சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார் என்பதை எங்கள் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

தோட்டத்தில் யார் வீட்டில் அடி விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை ஏன் ஆராய வேண்டும்?

லயத்தில் தெரிவது வேறு, பதிவேட்டில் இருப்பது வேறு. என் தொழிலில் நான் முதலில் கற்ற பாடம் மூன்று சொற்களில் அடங்கியது: "மேட்டில் வழுக்கி விழுந்தேன்."

சமவெளியில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் வைத்தியர் ஒரு கணம் யோசிப்பார். எங்கள் மலையில் யோசிக்கமாட்டார், ஏனென்றால் இங்கே மக்கள் உண்மையாகவே விழுகிறார்கள். மழையில் ஊறிய செம்மண் சரிவில், கொழுந்துக் கூடையின் பாரத்தோடு, அட்டையைத் தட்டிவிடக் குனியும்போது கால் வழுக்குவது நாளாந்தம் நடப்பது. ஆகவே வெளிநோயாளர் பிரிவின் பதிவேட்டில் வழுக்கி விழுந்தது என்று எழுதப்பட்ட வரிகளுக்குள் உண்மையில் விழுந்தவரும் இருக்கிறார், விழுத்தப்பட்டவரும் இருக்கிறார். இருவரையும் ஒரே கையெழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. கூர்ந்து பார்த்தால் காயமே வேறுபடுத்திச் சொல்லும். வழுக்கி விழுபவர் பெரும்பாலும் கையை ஊன்றுவார். மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் ஆகிய இடங்கள் அடிபடும். தாக்கப்படுபவருக்கு முகம், தலை, கழுத்து ஆகியவை அதிகம் அடிபடும். அடியைத் தடுக்கக் கையை உயர்த்துவதால் முன்கையின் வெளிப்புறத்தில் கன்றிப்போகும், சில வேளை அங்குள்ள எலும்பு முறியும். ஒரு காயத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு என்ன நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஓராண்டில் வந்த எல்லாக் காயங்களையும் உடற்பகுதி, கிழமை, மணி, பாலினம் என்று பிரித்து வைத்தால் மறைந்திருந்த ஒன்று மேலெழுந்து வரும்.

இந்த எண்ணத்துக்கு வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் வடிவம் கொடுத்தவர் முகத் தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரான ஜொனதன் ஷெப்பர்ட். தன்னிடம் தையலுக்கு வரும் தாக்குதல் காயங்களில் பெரும்பகுதி பொலிஸ் பதிவில் இல்லை என்பதை அவர் கண்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் பெயரைத் தவிர்த்து, எங்கே தாக்கப்பட்டார், எப்போது, எதனால் என்ற விவரங்களை மட்டும் பதிந்து நகர அதிகாரிகளுக்கும் பொலிஸாருக்கும் தொடர்ந்து கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிட அங்கே வன்முறைக் காயங்களால் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோர் தொகை குறைந்தது என்று 2011 இல் வெளியான மதிப்பீடு காட்டியது. அவர் செய்தது வீதியிலும் மதுச்சாலையிலும் நடக்கும் தாக்குதலைப் பற்றியது. அதை அப்படியே தூக்கிவந்து தோட்டத்து வீட்டுக்குள் வைக்க முடியாது. அங்கே இடத்தின் பெயர் ஒரு மதுச்சாலையைத்தான் காட்டும். இங்கே லயத்தின் எண்ணைச் சொன்னாலே ஆளைச் சொன்னதாகிவிடும். அந்த வேறுபாட்டைத் தீர்ப்பதில்தான் என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஆய்வால் எங்காவது உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றனவா?

எங்கள் நாட்டிலேயே காப்பாற்றப்பட்டிருக்கின்றன. இதை இலங்கை மாணவர்கள் பலர் அறியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முதல் வகையான, ஒருவர் தனக்குத்தானே இழைக்கும் வன்முறையை எடுத்துக்கொள்வோம். 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அது அக்காலத்தில் உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. காரணத்தைத் தனிமனிதரின் மனதில் மட்டும் தேடியிருந்தால் ஆலோசனை கூறுவதோடு நின்றிருப்போம். ஆய்வாளர்கள் மரணங்களைப் பிரித்துப் பார்த்தபோது, கணநேரத் துயரத்தில் எடுக்கும் முடிவு மரணமாக முடிவதற்கு, கைக்கெட்டும் தூரத்தில் மிகக் கொடிய பூச்சிநாசினி இருப்பதே பெரும் காரணம் என்பது தெரிந்தது. அதே துயரம், அதே கோபம், ஆனால் அருகில் இருப்பது கொடுமை குறைந்த பொருளாக இருந்தால் அந்த மனிதர் பிழைத்து, பெரும்பாலும் மறுபடி அதை நாடாமலே வாழ்கிறார். 1984 இல் தொடங்கி, 1995 இலும் 1998 இலும் மிக நச்சுத்தன்மை கொண்ட பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. தேயிலை மலைகளில் களைநாசினியாகப் பழகிய பரகுவாட் உட்பட இன்னும் சில 2008 க்கும் 2011 க்கும் இடையில் விலக்கப்பட்டன. நாட்டின் தற்கொலை வீதம் உச்சத்திலிருந்து ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. 1995 முதல் 2015 வரை 93,000 உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. விளைச்சல் குறையும் என்ற அச்சமும் மெய்யாகவில்லை. இந்த ஆய்வுகளின் முக்கியமான தளங்களில் ஒன்று பேராதனைப் பல்கலைக்கழகம் என்பதை மலையக மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு.

இதே துறையில் வெற்றிபெறாத முயற்சியையும் சொல்ல வேண்டும். பூச்சிநாசினியைப் பூட்டி வைக்கும் பெட்டிகளை வீடு வீடாகக் கொடுத்தால் இறப்புக் குறையும் என்ற எண்ணம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அனுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில் பாதிக்குப் பெட்டி கொடுத்து, பாதிக்குக் கொடுக்காமல், பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2017 இல் வெளியான முடிவு, பெட்டியால் பயன் ஏற்படவில்லை என்று காட்டியது. நல்லெண்ணத்தோடு செய்வது எல்லாம் பயன் தரும் என்று நம்பிக்கொண்டிருந்தால் நாடு முழுவதும் பெட்டிகளுக்குப் பணம் செலவழித்து மன நிறைவு அடைந்திருப்போம். இந்தத் தொழிலுக்கு வருபவர் தன் நம்பிக்கை பொய்யாகும் வாய்ப்பைத் தானே ஏற்படுத்திக்கொடுக்க வேண்டும். அதைத் தாங்கும் மனம் வேண்டும்.

இதைப் படிக்கும் எவராவது அத்தகைய துயரத்தில் இருந்தால், தேசிய மனநல உதவி எண் 1926 ஐ அழைக்கலாம். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றம் அல்ல. வழக்கு வரும் என்று அஞ்சி வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

குடிதானே எல்லாவற்றுக்கும் காரணம்? கசிப்பை (கள்ளச் சாராயத்தை) ஒழித்தால் போதாதா?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது; தாய்மார்கள் கேட்கும்போது அதில் அவர்களுடைய அனுபவம் இருக்கிறது. மது வன்முறையின் அளவையும் கடுமையையும் கூட்டுகிறது என்பதற்குப் பல நாடுகளில் சான்று உண்டு. கசிப்பு ஒழிவதை நானும் விரும்புகிறேன். ஆனால் குடித்துவிட்டு வருபவர் வழியில் கங்காணியைக் காண்கிறார், தலைவரைக் காண்கிறார், கடைக்காரரைக் காண்கிறார். அவர்கள் எவரையும் அடிக்காமல் வீடு வந்து மனைவியை அடிக்கிறார். குடி அவருடைய கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கலாம், ஆனால் யாரை அடித்தால் எவரும் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கை அது அழித்துவிடவில்லை. குடிக்காமலே அடிப்பவர்களும், குடித்தும் கை ஓங்காதவர்களும் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள்.

ஆகவே காரணங்களை நாங்கள் அடுக்கடுக்காகப் பார்க்கிறோம். தனிமனிதர் ஓர் அடுக்கு: சிறுவயதில் தாய் அடிபடுவதைக் கண்டு வளர்ந்தவரா என்பது போன்றவை. உறவு அடுத்த அடுக்கு: பணத்தைப் பற்றி யார் முடிவெடுக்கிறார் என்பது போன்றவை. பெண் எடுத்த கொழுந்துக்கான சம்பளத்தைக் கணவரோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சமூகம் மூன்றாவது அடுக்கு: பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை வாழ்வதும், சுவருக்கு அப்பால் கேட்கும் சத்தத்துக்கு அடுத்த வீட்டார் எழுந்து வருவதா, வானொலியைக் கூட்டிவைப்பதா என்பதும் இதில் அடங்கும். நாடு நான்காவது அடுக்கு. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைக்காக 2003 வரை சட்டத்துக்குக் காத்திருந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பெண், ஒரு பொலிஸ் நிலையத்தின் படியில் ஏறித் தனக்குப் புரியாத மொழியில் முறைப்பாடு எழுதப்படுவதைப் பார்த்து நிற்கும்போது, அந்த வரலாறும் அவளோடு அங்கே நிற்கிறது. நோர்வே அறிஞர் யொஹான் கல்துங் 1969 இல் கட்டமைப்பு வன்முறை என்று பெயரிட்டது இதைத்தான். ஆனால் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன்: மேலிருந்து வந்த அநியாயம் வீட்டுக்குள் விழும் அடிக்கு விளக்கத்தின் ஒரு பகுதி, அது அடித்தவருக்கு மன்னிப்பு ஆகாது.

குடும்ப வன்முறை எந்தக் காலத்திலும் உள்ளது. அதை உண்மையில் குறைக்க முடியுமா?

2005 இல் உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளில் ஒரே வினாத்தாளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டது. துணைவரிடமிருந்து வாழ்நாளில் ஒருமுறையாவது உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்த பெண்களின் பங்கு ஓரிடத்தில் 15 சதவீதமாகவும் இன்னோரிடத்தில் 71 சதவீதமாகவும் இருந்தது. இது மனித இயல்பு, மாற்ற முடியாது என்று சொல்பவருக்கு அந்த இடைவெளியே பதில். இடத்துக்கு இடம் இவ்வளவு மாறும் ஒன்று மாற்றக்கூடிய ஒன்றாகவே இருக்க வேண்டும். உகண்டாவின் கம்பாலா நகரில், அயலவர்களே அயலவர்களோடு அதிகாரத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் உரையாடும் ஒரு திட்டம் முறையான ஒப்பீட்டு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. 2014 இல் வெளியான முடிவின்படி, திட்டம் நடந்த இடங்களில் துணைவரின் உடல் வன்முறை மற்ற இடங்களைவிட ஏறத்தாழ பாதியாக இருந்தது.

இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதத்தினர் வாழ்நாளில் அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகக் காட்டியது. ஐந்து பெண்களில் ஒருவர் என்ற அந்த எண், முழு நாட்டுக்கும் உரியது.

இதையெல்லாம் எழுதினால் தோட்டத்து மக்களின் பெயர் கெடாதா? நம்மவரை நாமே இழிவுபடுத்துவதாகாதா?

ஒரு தகப்பனார் இதைக் கேட்டபோது அவர் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். தோட்டத்து ஆண் என்றால் குடிகாரர், தோட்டத்துப் பெண் என்றால் அடிபடுபவர் என்று எங்களைப் பற்றி வெளியார் எழுதிய வரிகளைப் படித்து வளர்ந்தவள் நான். அந்தப் படத்துக்கு இன்னொரு சட்டகம் போட்டுக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் எண்ணாமல் விடுவதால் பெயர் காக்கப்படுவதில்லை. லயத்துச் சுவர் மெல்லியது. அங்கே நடப்பது அடுத்த ஆறு வீட்டுக்கும் கேட்கும். நகரத்துப் பெரிய வீட்டின் சுவர் கனமானது. அங்கே நடப்பது வேலைக்காரப் பெண்ணுக்கு மட்டும் தெரியும், அந்த வேலைக்காரப் பெண் பெரும்பாலும் எங்கள் தோட்டத்திலிருந்து போனவள். கேட்கும் சத்தத்தை வைத்து ஒரு சமூகத்தை மதிப்பிடுவதற்கும், ஒரே வினாவை எல்லா வீட்டிலும் ஒரே விதமாகக் கேட்டு மதிப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடே ஆய்வு. வன்முறை எல்லா வகுப்பிலும் எல்லா இனத்திலும் உண்டு என்பதை நாட்டுக்கு நிரூபித்தது அப்படிப்பட்ட ஆய்வுதான். எங்களைப் பற்றிய எண்களை எங்கள் மொழி தெரிந்தவர்கள், எங்கள் பிரட்டுக் களத்தின் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தின்) நேரத்தையும் பேர் (ஒரு நாள் வேலைக்கான சம்பளப் பதிவு) போடும் முறையையும் அறிந்தவர்கள் எடுக்க வேண்டும் என்பதே, மலையக இளைஞர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கான முதற்காரணம்.

மருத்துவராக இருந்தால்தான் இத்துறைக்குள் வர முடியுமா?

இல்லை. மருத்துவப் பட்டம் பெற்று, பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகத்தில் சமுதாய மருத்துவத்தில் முதுமாணியும் பின்னர் கலாநிதிக்கு இணையான பயிற்சியும் முடிப்பது ஒரு வழி. அது நீண்டது, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியின் வாசலைத் தாண்டியே தொடங்க வேண்டியது. ஆனால் இந்தத் துறையில் சமூகவியலாளர், தாதியர், புள்ளிவிபரவியலாளர், உளவியலாளர், சட்டத்தரணி ஆகிய அனைவருக்கும் இடமுண்டு. கலைப் பிரிவில் சமூகவியல் படித்து, நல்ல தேர்ச்சியோடு பட்டம் பெற்று, உதவி விரிவுரையாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ தொடங்கி, பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெறலாம். பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் குறித்த காலத்துக்குள் உயர்பட்டம் பெற்றாக வேண்டும். அதன் பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்று படிகள் உண்டு.

நோய்ப்பரவலியலும் புள்ளிவிபரமும் கட்டாயம் தெரிய வேண்டும். உயர்தரத்தில் கணிதம் படிக்காதவர்களும் இவற்றைக் கற்கலாம், நான் கற்பித்திருக்கிறேன். சிங்களம் தெரிய வேண்டும், ஏனென்றால் பதிவேடுகளும் அதிகாரிகளும் பெரும்பாலும் அந்த மொழியில் இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரிய வேண்டும், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகள் அதில் வெளியாகின்றன. தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. தோட்டத்துத் தமிழ் தெரிய வேண்டும். உங்களுக்கு எதிராக உடல்ரீதியான துன்புறுத்தல் இடம்பெற்றுள்ளதா என்று கேட்டால் ஒரு பாட்டி உங்களை வெறுமனே பார்ப்பார். கை நீட்டினாரா என்று கேட்டால் புரியும்.

ஆய்வுக்காகத் தோட்டத்துக்குள் எப்படிப் போவது? துரையின் அனுமதி போதுமா?

முதலில் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வாயிலைத் திறக்கும். அது எந்தப் பெண்ணின் சம்மதமும் ஆகாது. துரை சொன்னார், ஆகவே பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பெண் நினைத்துவிட்டால் அங்கேயே ஆய்வின் நேர்மை போய்விட்டது. ஆகவே விலகலாம், பதில் சொல்லாமல் இருக்கலாம், அதனால் பேர் வெட்டப்படமாட்டாது என்பதை ஒவ்வொருவருக்கும் தனியே சொல்ல வேண்டும்.

குடும்ப வன்முறை ஆய்வுக்கென உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட நெறிமுறைகள், பெண்ணின் பாதுகாப்பே மற்ற எதற்கும் முந்தியது என்று தொடங்குகின்றன. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும். ஆய்வின் பெயர் வெளியே கேட்டால் ஐயம் எழாதபடி, பெண்களின் சுகாதாரமும் வாழ்க்கையும் என்பது போல இருக்க வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளைகூட அருகில் இருக்கக்கூடாது.

இந்த விதிகளைப் படித்திருந்தும் நான் செய்த தவறு ஒன்றை இங்கே எழுதுகிறேன். தொழிலின் தொடக்கத்தில், ஒரு தோட்ட அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தில் ஆய்வின் முழுத் தலைப்பையும், குடும்ப வன்முறை என்ற சொற்களோடு, எழுதிவிட்டேன். கடிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. நான் போவதற்குள் நான் எதைக் கேட்க வருகிறேன் என்பது எல்லா லயங்களுக்கும் தெரிந்திருந்தது. முதல் நாளில் பதினொரு பெண்கள் வருவதாக இருந்தது. இரண்டு பேர் வந்தார்கள். இருவரும், எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை மிஸ், என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். வராத ஒன்பது பேரில் யாரையாவது என் கடிதம் ஆபத்தில் தள்ளியதா என்ற கேள்வி என்னோடு இன்றும் இருக்கிறது. அந்த ஆய்வை அன்றே நிறுத்தினேன்.

இடமும் எளிதல்ல. லயத்து அறையில் தனிமை கிடையாது; திண்ணையில் மாமியார், வாசலில் பிள்ளைகள். எங்களுக்கு உதவியவை கிளினிக் நாளும் பிள்ளை மடுவமும் (தோட்டத்துக் குழந்தை பராமரிப்பு நிலையமும்). கர்ப்பிணித் தாய் நிறுத்துப் பார்க்க உள்ளே அழைக்கப்படும் அந்தச் சில நிமிடங்களில் கணவரோ மாமியாரோ உடன் வருவதில்லை. தோட்டங்களில் குடும்ப நல உத்தியோகத்தர்கள் கர்ப்பகாலப் பராமரிப்பின் ஊடாகக் குடும்ப வன்முறையை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி 2015 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது; அந்தத் திசையில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது. அந்த உத்தியோகத்தரும் அதே மலையில், அதே பேருந்தில் போகிறவர். அவருடைய பாதுகாப்பையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நேர்காணலின் நடுவே ஒரு பெண் உதவி கேட்டால் ஆய்வாளர் என்ன செய்ய வேண்டும்?

வினாத்தாளை மூடிவைக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில், சிங்களத்தில் மிதுரு பியச என்று அழைக்கப்படும், பிரிவுகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் தனியறையில் பேசுவார். மகளிர் உதவி எண் 1938, சிறுவர்களுக்கு 1929. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை கிடைக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இவற்றை அச்சிட்ட துண்டில் கொடுக்கக்கூடாது, அது வீட்டில் அகப்பட்டால் ஆபத்து. எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டும். போவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். நீதிமன்றம் போவதென்றால் ஒரு நாள் பேர் போகும், பேருந்துக் காசு வேண்டும், பிள்ளையை விட்டுச்செல்ல ஆள் வேண்டும். ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் சட்டம் யாருக்கு என்று கேட்டாள். அவளுடைய முதுமாணி ஆய்வு இன்று அந்தச் செலவைக் கணக்கிடுகிறது.

இந்த ஆய்வுக்குப் பணம் யார் தருகிறார்கள்?

பல்கலைக்கழக நிதி, நாட்டின் ஆய்வு நிதிகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுத் திட்டங்கள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. போதுமானதாக ஒருபோதும் இருந்ததில்லை. பணம் தருபவரின் விருப்பம் கேள்வியையே மாற்றிவிடலாம் என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒரு பாடம். 1993 இல் ஆர்தர் கெலர்மன் குழுவினர், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அந்த வீட்டில் கொலை நிகழும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று வெளியிட்டார்கள். 1996 இல் அந்நாட்டு நாடாளுமன்றம், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படக்கூடாது என்று விதித்தது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்துறை ஆய்வு மெலிந்து கிடந்தது. 2019 இறுதியில்தான் 25 மில்லியன் டொலர் மீண்டும் ஒதுக்கப்பட்டது. ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் வேறு துறைக்குப் போய்விட்டார்கள். தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஆய்வைத் தொடர்ந்த கரென் வின்ட்டமியூட் போன்றவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு மனம் உடையாதா? ஆண்கள் இந்த வேலையைச் செய்யலாமா?

உடையும். நேர்காணல் செய்பவர்களை ஒரு நாளில் மூன்று பேருக்கு மேல் சந்திக்க நான் விடுவதில்லை. மாலையில் ஒன்றாக உட்கார்ந்து பேசிய பிறகே வீட்டுக்கு அனுப்புகிறேன். தாமே வன்முறையை அனுபவித்தவர்கள் இத்துறைக்கு வருவதுண்டு. அவர்களைத் தடுக்கக்கூடாது, தனியே விடவும் கூடாது. ஆண்களைப் பொறுத்தவரை, பெண்களிடம் நேர்காணல் செய்வதைப் பெண்களே செய்ய வேண்டும். ஆனால் அடித்த ஆண்களோடும், அடிபட்ட பையன்களோடும் பேசுவதற்கு ஆண் ஆய்வாளர்கள் வேண்டும். அந்தப் பக்கம் மலையகத்தில் இன்னும் ஆராயப்பட வேண்டியது மிக அதிகம்.

இப்போது உயர்தரம் படிக்கும் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பயிற்சி இல்லாமல் எவரிடமும் வன்முறையைப் பற்றிக் கேட்கப் போகாதீர்கள். இதை நான் வேண்டிக் கேட்கிறேன். அதற்குப் பதிலாக, எண்ணிப் பழகுங்கள். உங்கள் தோட்டத்துப் பிரதான பாதையில் மழைக்காலத்தில் எந்த வளைவில் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள், எந்த நேரத்தில், கையில் என்ன பாரத்தோடு என்று ஒரு கொப்பியில் ஒரு மாதம் பெயரில்லாமல் குறித்து வாருங்கள். அதில் எதைக் கேட்க மறந்தீர்கள், யாரைக் காணாமல் விட்டீர்கள் என்பது மாத இறுதியில் உங்களுக்கே தெரியும். அந்தக் கொப்பியோடு வருபவரிடம், வெளிநோயாளர் பிரிவின் பதிவேட்டை எப்படி வாசிப்பது என்று என்னால் ஒரே பிற்பகலில் விளக்க முடியும்.